17.5 கிலோமீட்டரிலிருந்து 30க்கு: போட்டி நீச்சல் பிள்ளைகளின் பயிற்சிச் சுமை – திட்டத்தைப் பார்த்துப் பிழை சொல்லுங்கள்

மலைத்துளி

எல்லோருக்கும் வணக்கம். 14 முதல் 17 வயது வரையான 11 பிள்ளைகளுக்கான திட்டம் இது. 25 மீட்டர் திறந்த தடாகம், தண்ணீரைச் சூடாக்கும் வசதி கிடையாது, இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். கொழும்பு சுகததாச தடாகத்தில் போட்டி, இன்னும் 12 வாரம் இருக்கிறது.

இப்போது வாரத்துக்கு 5 தடவை, தடவைக்கு 3,500 மீட்டர், மொத்தம் 17.5 கிமீ. இரண்டாம் வாரத்திலிருந்து 8 தடவை, தடவைக்கு 3,800 மீட்டர், அதாவது 30.4 கிமீ ஆக்க யோசனை. மூன்று நாள் காலை 5.15க்குத் தண்ணீரில் இறங்க வேண்டும். எல்லா நாளும் நடுத்தர வேகம். கடைசி வாரம் முழு ஓய்வு. பாதிப் பேர் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறார்கள், டியூஷன் இரவு 8 மணி வரை போகும்.

கேள்வி இரண்டு. இதைப் பிள்ளைகள் தாங்குவார்களா? தாங்கவில்லை என்றால் நீந்தும் நேரம் மோசமாவதற்கு முன்பே அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்கு_மாஸ்டர்

சேர், 17.5 இலிருந்து 30.4 என்பது 74 வீத ஏற்றம், அதுவும் ஒரே வாரத்தில். இதைவிடப் பெரிய பாய்ச்சலை அமெரிக்க விளையாட்டு உடலியலாளர் கொஸ்டிலின் குழு 1988 இல் சோதித்துப் பார்த்தது. 12 ஆண் நீச்சல் வீரர்களுக்கு நாளுக்கு 4,266 மீட்டரை 8,970 மீட்டராக்கி 10 நாள் ஓட்டினார்கள். நாலு பேரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்த நாலு பேரிடமும் பொதுவாக இருந்தது மாச்சத்து குறைந்த சாப்பாடும், தசையில் கிளைக்கோஜன் (சேமித்து வைத்த மாச்சத்து) வற்றிப்போனதும்தான். மன உறுதி குறைவென்று நாம் சொல்லிவிடுகிற இடத்தில் வெறும் வயிறு இருந்திருக்கிறது.

உங்கள் திட்டத்தில் எனக்கு அதைவிடப் பெரிய பயம் "எல்லா நாளும் நடுத்தர வேகம்" என்ற வரி. சுமையை மீட்டரில் மட்டும் எழுதினால் இது கண்ணில் படாது. ஃபொஸ்டர் முறையில் எழுதிப் பாருங்கள். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் "இன்று மொத்தமாக எவ்வளவு கஷ்டமாக இருந்தது?" என்று 0 முதல் 10 வரை ஒரு எண் கேளுங்கள். அதைப் பயிற்சி நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிடம், கஷ்டம் 6 என்றால் சுமை 540.

ஆறு நாளும் 540, ஞாயிறு 0. வாரச் சுமை 3,240. நாள் சராசரி 463, நியம விலகல் (நாளுக்கு நாள் உள்ள ஏற்றத்தாழ்வின் அளவு) 204. சராசரியை விலகலால் வகுத்தால் 2.27. இதுதான் ஒரேசீர்த்தன்மை. 2 ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். வாரச் சுமையை இதனால் பெருக்கினால் ஏறக்குறைய 7,350, அது அந்த வாரத்தின் இறுக்கம்.

அதே 3,240 ஐ மாற்றி அடுக்குங்கள். திங்கள் 720 (90×8), செவ்வாய் 300 (75×4), புதன் இரண்டு தடவை சேர்த்து 780, வியாழன் 240 (80×3), வெள்ளி 660 (110×6), சனி 540, ஞாயிறு 0. நியம விலகல் 289 ஆகிறது, ஒரேசீர்த்தன்மை 1.6க்கு இறங்குகிறது, இறுக்கம் 5,190. மொத்த வேலையில் ஒரு துளி குறையவில்லை. லேசான நாள் உண்மையிலேயே லேசாக இருந்ததுதான் வித்தியாசம்.

ஒன்று மறக்க வேண்டாம்: எண்ணை வரிசையில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். முதல் பிள்ளை "ஆறு" என்றால் பின்னால் நிற்கிற பத்துப் பேரும் ஆறுதான் சொல்வார்கள். வட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

நாலாம்_லேன்

எனக்கு உடன்பாடில்லை. நீச்சலில் மீட்டர்தான் அடித்தளம். தண்ணீரைப் பிடிக்கும் கை ஆயிரக்கணக்கான ஸ்ட்ரோக்கில்தான் உருவாகும். 17.5 கிமீ நீந்துகிற பிள்ளை 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் என்ன செய்ய முடியும்? மலையகப் பிள்ளைகளுக்குத் தடாகமே எட்டாத தூரத்தில் இருக்கிறது, கிடைக்கிற நேரத்தில் கூட்டி நீந்த வைப்பதைக் குறை சொல்லக்கூடாது.

கணக்கு_மாஸ்டர்

அடித்தளம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை அண்ணே. ஆனால் இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. 1991 இல் அதே கொஸ்டில் குழு ஒரு பிரிவை நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒரு தடவையும், மற்றப் பிரிவை ஒன்றரை மணி நேரமாக இரண்டு தடவையும் 6 வாரம் நீந்த வைத்தது. இரண்டு தடவை நீந்தியவர்கள் அதிகமாக முன்னேறவில்லை. அந்தக் காலத்தில் அவர்களுடைய குறுந்தூர வேகம்தான் இறங்கியது.

நாலாம்_லேன்

அது பல்கலைக்கழக ஆண்கள், 6 வாரம். வருடக்கணக்கில் வளர்கிற பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் குறுந்தூர வேகம் இறங்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 50, 100 நீந்துகிறவர்களையும் 800, 1500 நீந்துகிறவர்களையும் ஒரே செட்டில் போடுவது பிழை. 100 மீட்டர் ஒரு நிமிடச் சொச்ச வேலை, 1500 பதினேழு பதினெட்டு நிமிடத்துக்கு மேல். மலைத்துளி, அந்த 11 பேரில் நெடுந்தூரக்காரர் எத்தனை பேர்?

மலைத்துளி

மூன்று பேர். மற்ற எட்டுப் பேரும் 50, 100, 200.

நாலாம்_லேன்

அப்படியென்றால் 30 கிமீ அந்த எட்டுப் பேருக்கும் தேவையே இல்லை. மூன்று பேருக்கும்கூட படிப்படியாகத்தான்.

தோள்பட்டை

பிசியோ பக்கத்திலிருந்து. 2010 இல் வெளியான ஆய்வொன்று 13 முதல் 25 வயது வரையான 80 உயர்மட்ட நீச்சல் வீரர்களைப் பார்த்தது. வாரம் 15 மணி நேரத்துக்கு மேல் அல்லது 35 கிமீக்கு மேல் நீந்துகிறவர்களிடம் தோள்மூட்டு மேல் தசைநாணின் பாதிப்பு தெளிவாக அதிகம். உங்கள் 30.4 அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்று நிம்மதி வேண்டாம். தசை இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், தசைநாண் அதைவிட மெதுவாகத்தான் பழகும். நேரம் நன்றாக வருகிற நாலாம் ஐந்தாம் வாரத்தில்தான் தோள் பேச ஆரம்பிக்கும்.

பார்க்க வேண்டியவை: ஒரு பக்கம் மட்டும் மூச்செடுக்கத் தொடங்குதல், கை தண்ணீருக்குள் நுழையும்போது நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போதல், முழங்கை தாழ்ந்து இழுத்தல், இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமை. முதல் இரண்டும் களைப்பின் அடையாளம், கடைசி வைத்தியரைப் பார்க்க வேண்டிய அடையாளம்.

மீட்டர் கூட்டுகிற வாரத்தில் கைப்பலகை (உள்ளங்கையில் மாட்டி நீந்தும் பலகை) போடவே வேண்டாம். சுமையையும் நெம்புகோலையும் ஒன்றாகக் கூட்டுகிற வேலை அது. தோள் நோகிற பிள்ளையை கிக் போர்டைப் பிடித்துக் கை நீட்டி உதைக்கச் சொல்வதும் வழக்கமாக நடக்கிறது. அந்த நிலையில் தோள் இன்னும் நெரியும். மல்லாந்து, கை பக்கவாட்டில் வைத்து உதைக்கட்டும்.

பண்டாரவளை_அம்மா

சேர்மாருக்கு வணக்கம். என் கேள்வி சாப்பாடு, தூக்கம் பற்றி. காலை 5.15க்குத் தண்ணீரில் என்றால் 4.15க்கு எழும்ப வேண்டும். டியூஷன் முடிந்து வந்து சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடிக்க 10.30 ஆகும். 5 மணி 45 நிமிடம்தான் தூக்கம். இது போதுமா? முடிந்ததும் நேரே பாடசாலை, பிள்ளை என்ன சாப்பிட முடியும்?

சோறும்பருப்பும்

அக்கா, போதாது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அவுஸ்திரேலிய உயர்மட்ட நீச்சல் வீரர்களை அளந்தபோது அதிகாலைப் பயிற்சிக்கு முந்திய இரவில் 5.4 மணி நேரம், ஓய்வு நாளுக்கு முந்திய இரவில் 7.1 மணி நேரம் தூங்கியிருந்தார்கள். பயிற்சிதான் வாழ்க்கை என்று இருப்பவர்களே சீக்கிரம் படுத்து ஈடுகட்டவில்லை. டியூஷன் போகிற பிள்ளையால் எப்படி முடியும்? மலைத்துளி சேர், அந்த மூன்று காலையையும் எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் நீந்துகிற 3,800 மீட்டரை உடம்பு தனதாக்கிக்கொள்ளத் தூக்கமே மிச்சமிருக்காது.

சாப்பாடு. 50 கிலோ பிள்ளை என்று வைத்துக் கணக்குச் சொல்கிறேன். நாளுக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரப் பயிற்சி என்றால் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் மாச்சத்து, குறைந்தது 300 கிராம். அடுத்த பயிற்சி 8 மணி நேரத்துக்குள் என்றால் முடிந்த முதல் நாலு மணி நேரமும் மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது மணிக்கு 50 முதல் 60 கிராம். நம் வீட்டுக் கணக்கில் கால் றாத்தல் பாண் ஏறக்குறைய 55 கிராம். நடுத்தர வாழைப்பழம் இரண்டு 45 கிராம். ஒரு கோப்பைச் சோறும் 45க்குக் கிட்ட. புரதம் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.3 கிராம், 15 கிராம் போதும்: இரண்டு முட்டையும் ஒரு கப் பாலும் அதைத் தாண்டிவிடும். கடையில் விற்கிற டப்பா மாவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

காலையில் ஒரு ரொட்டியும் பிளேன்டீயும் குடித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு முதல் 1,500 மீட்டரோடு வேகம் இறங்கும். பையில் இரண்டு வாழைப்பழம் இருந்தாலே நிலைமை மாறும்.

இன்னொன்று, இது நம் பக்கத்தில் மிகவும் முக்கியம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம். தேயிலையில் உள்ள பொருட்கள் பருப்பு, கீரை, கவுப்பியில் இருக்கிற இரும்புச்சத்தைக் குடலில் உறிஞ்ச விடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழியுங்கள், கொய்யா கொடுங்கள், அது உறிஞ்சலைக் கூட்டும். பெண் பிள்ளை "களைப்பு, களைப்பு" என்று சொன்னால் சோம்பல் என்று முடிவு கட்டாமல் முழு இரத்தப் பரிசோதனையோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் அளவு) பாருங்கள். இலங்கையில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் செவ்வணு சிறிதாகத்தான் காட்டும். ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு மாத்திரை தொடங்க வேண்டாம். காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடித் தெரியும் என்பதால் குணமாகி இரண்டு மூன்று வாரம் கழித்து எடுங்கள்.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் "நல்லா பயிற்சி செய்கிறாள்" என்று விட்டுவிடக்கூடாது. உடம்பு செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு போகவில்லை என்று அர்த்தம். எலும்பு மெலிவதும் அங்கேதான் தொடங்கும். வைத்தியரிடம் காட்டுங்கள்.

பண்டாரவளை_அம்மா

மிக்க நன்றி. தேத்தண்ணி விஷயம் எத்தனை வீட்டில் தெரியுமோ.

குளிர்தண்ணி

யாரும் தண்ணீரின் சூட்டைப் பற்றிப் பேசவில்லை. போட்டித் தடாகத்துக்கு உலக நீச்சல் சம்மேளனம் சொல்வது 25 முதல் 28 பாகை. சூடாக்காத மலைத் தடாகம் மார்கழி, தை காலையில் அதைவிட வெகுவாகக் கீழே போகும். ஒரு வெப்பமானி வாங்கித் தண்ணீரில் விட்டு, சுமைப் புத்தகத்தில் அன்றைய பாகையையும் எழுதுங்கள். 22 பாகையில் நீந்திய 3,000 மீட்டரும் 27 பாகையில் நீந்திய 3,000 மீட்டரும் ஒரே சுமை இல்லை. நடுங்குகிற உடம்பு கிளைக்கோஜனை எரிக்கிறது, ஒல்லிப் பிள்ளைக்கு இன்னும் கூட.

குளிரில் செட் அமைக்கிற விதமும் மாற வேண்டும். 12×25 முழு வேகம், இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு என்று கொடுத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் தசை விறைத்துவிடும், ஆறாவது 25இல் அது வேகப் பயிற்சியே இல்லை. வேக வேலையை வெயில் பட்ட மதியத்துக்கு வையுங்கள். குளிர் நேரத்துக்குத் தொடர்ச்சியான, ஓய்வு குறைந்த செட் வையுங்கள்.

கையைப் பாருங்கள். விரல்கள் விரிந்து, சேர்த்து மூட முடியாமல் கோழிக்கால் மாதிரி நின்றால் உடனே வெளியே எடுங்கள். உதடு நீலம், பேச்சுக் குழறல் வரை காத்திருக்கக் கூடாது. வெளியே வந்த பிறகும் பத்து இருபது நிமிடம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். ஈர உடுப்போடு பஸ்ஸுக்குக் காற்றில் நிற்பதுதான் பெரிய கேடு. முதலில் துடைப்பு, உலர்ந்த உடுப்பு, தொப்பி, பிறகு இனிப்பான சூடான பானம். அதற்கப்புறம்தான் பேச்சு, அறிவுரை எல்லாம்.

உயரமும் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர், அங்கே 200 மீட்டருக்கு மேலான செட்டுக்கெல்லாம் மூச்சு முந்தும். கொழும்பு நேர அட்டவணையை அங்கே கொண்டுபோய் ஒட்டக்கூடாது. 1,200 மீட்டரிலும் கொஞ்சம் தெரியும். அந்தந்தத் தடாகத்திலேயே எல்லை வேகத்தை (நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தை) அளந்துகொள்ளுங்கள்: 400 மீட்டர் முழு முயற்சி, நன்றாக ஓய்ந்த பிறகு 200 மீட்டர். 400க்கு 5.20, 200க்கு 2.32 என்றால் இடைவெளி 168 வினாடி, அதைப் பாதியாக்கினால் 100 மீட்டருக்கு 1.24. செட் வேகம் எல்லாம் அதிலிருந்து புறப்படட்டும்.

மலைத்துளி

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இரண்டாவது கேள்விக்கு யாராவது விரிவாகச் சொல்வீர்களா? நீந்தும் நேரம் மோசமாவதற்கு முன் எப்படிப் பிடிப்பது?

கணக்கு_மாஸ்டர்

மூன்று வகை அடையாளம் வேண்டும், ஒன்று மட்டும் பார்த்தால் ஏமாற்றும்.

முதலாவது பிள்ளை சொல்வது. ஹூப்பரும் மெக்கினனும் 1995 இல் நீச்சல் வீரர்களிடம் பயன்படுத்திய நாலு கேள்வி: தூக்கம், களைப்பு, மன அழுத்தம், தசை நோவு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7. 1 நல்லது, 7 மோசம். கூட்டினால் 4 முதல் 28. ஒருவரை மற்றவரோடு ஒப்பிட வேண்டாம். 11 தான் வழமையாக இருக்கிற பிள்ளை 17க்குப் போனால் அது செய்தி, எப்போதும் 17 இல் இருக்கிற பிள்ளைக்கு அது செய்தி இல்லை. இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் கெல்மன், கலூஸ் இருவரின் அழுத்தம்-மீட்சி வினாக்கொத்து இருக்கிறது, ஆனால் அதன் நீண்ட கேள்விப் பட்டியலை நாளாந்தம் எந்தப் பிள்ளையும் பொறுமையாக நிரப்பாது. மாதம் ஒரு தடவை போதும். மொர்கன் குழு பத்து வருடம் நீச்சல் வீரர்களைப் பின்தொடர்ந்து 1987 இல் எழுதியது இதைத்தான்: மீட்டர் ஏற ஏற மனநிலை படிப்படியாகக் கெடும், சுமையைக் குறைக்கும்போது படிப்படியாகத் தெளியும். சுமை குறைந்தும் தெளியாத பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது.

இரண்டாவது தண்ணீரில் ஒரே அளவுகோல். ஒவ்வொரு திங்களும் வார்ம் அப் முடிந்ததும் 4×100, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று, எல்லை வேகத்தைவிட 5–6 வினாடி மெதுவாக. மேலே சொன்ன பிள்ளைக்கு 1.30. நேரத்தைச் சரியாகப் பிடிக்கச் சொல்லுங்கள், வேகமாகப் போவதும் பிழை. நாலாவது முடிந்ததும் 10 வினாடி நாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள், மூன்றாவது லெந்த்தில் (25 மீட்டரில்) ஸ்ட்ரோக் எண்ணுங்கள், கஷ்ட எண் கேளுங்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். நாடி குறைந்தால் உடற்தகுதி கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். நாடியும் குறைந்து கஷ்ட எண்ணும் குறைந்தால் அப்படித்தான். நாடி குறைந்து, கஷ்ட எண் ஏறி, அதே 1.30க்கு ஸ்ட்ரோக் 18 இலிருந்து 20 ஆகியிருந்தால் உடம்பு களைப்பில் அமுங்கிக் கிடக்கிறது. குளிர்த் தண்ணீரும் நாடியைத் தாழ்த்தும், அதனால்தான் குளிர்தண்ணி சொன்ன வெப்பமானி வேண்டும்.

மூன்றாவது காலை நாடி. எழும்புவதற்கு முன், படுத்தபடி, முழு 60 வினாடி. ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 5–8 துடிப்பு கூடினால் காய்ச்சலுக்கு முன்னறிவிப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் சுமையில் அமுங்கிய சிலருக்கு இது மாறவே மாறாது, ஆகவே இதை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றில் இரண்டு கெட்டால் அன்றைய மீட்டரைப் பாதியாக்குங்கள். இரண்டு வாரம் லேசாக்கியும் தேறாவிட்டால் அது பயிற்றுவிப்பாளர் தீர்க்கிற விஷயம் இல்லை, வைத்தியர் பார்க்கட்டும்.

நாலாம்_லேன்

இந்த வாரச் சுமையை நாலு வாரச் சராசரியால் வகுத்து 0.8 முதல் 1.3க்குள் வைத்தால் காயம் வராது என்று ஒரு கணக்கு சுற்றுகிறதே?

கணக்கு_மாஸ்டர்

அதைக் காப்புறுதியாக எடுக்க வேண்டாம் அண்ணே. இந்த வாரச் சுமை மேலேயும் இருக்கிறது, கீழேயுள்ள சராசரிக்குள்ளும் இருக்கிறது, அதனால் விகிதமே தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது. ஏற்றம் திடீரென்று இருக்கக்கூடாது என்ற புத்தி மட்டும் அதிலிருந்து போதும்.

குளிர்தண்ணி

கடைசி வார முழு ஓய்வு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வேண்டாம். போட்டிக்கு முந்திய சுமைக் குறைப்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2007 ஆம் ஆண்டுக் கட்டுரையில் நல்ல பலன் வந்தது இரண்டு வாரத்தில் மீட்டரை 41 முதல் 60 வீதம் படிப்படியாகக் குறைத்து, வேகத்தையும் நாட்களின் எண்ணிக்கையையும் பெரும்பாலும் அப்படியே வைத்தபோதுதான். ஒரு வாரம் தண்ணீரே தொடாவிட்டால் கைக்குத் தண்ணீர் பிடிபடாது. 25 மீட்டர் போட்டி வேகத் துண்டுகள் கடைசி நாள் வரை இருக்கட்டும்.

மலையிலிருந்து இறங்கி கொழும்பு வெக்கைக்குள் போவதும் ஒரு சுமை. பஸ்ஸில் 5–6 மணி நேரம் இருந்துவிட்டு அன்றே நீந்த வைக்காதீர்கள். முந்திய நாளே போய், இருபது நிமிடம் தடாகத்தில் சும்மா நீந்தட்டும். 50 மீட்டர் தடாகத்தில் 100 மீட்டருக்கு ஒரு திருப்பம்தான், உங்கள் 25 மீட்டரில் மூன்று. சுவர் கொடுக்கிற உந்தல் அங்கே குறைவதால் நேரம் மெதுவாகத்தான் வரும். அதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலைத்துளி

திருத்திய திட்டம், கிலோமீட்டரில்: 17.5, 19.5, 21.5, 15, 21.5, 23.5, 16, 24, 25, 24, 16, 10. இது நெடுந்தூரம் நீந்துகிற மூன்று பேருக்கு. மற்ற எட்டுப் பேருக்கு உச்சம் 20. வாரம் 6 தடவை, அதிகாலை கிடையாது, சனி 8 மணிக்கு ஒன்று. நாலாம், ஏழாம் வாரம் லேசு. சாதாரண தர மாதிரிப் பரீட்சை ஏழாம் வாரத்தில் விழுகிறது, அதனால் அப்படி வைத்தேன். கைப்பலகை எட்டாம் வாரம் வரை பெட்டிக்குள்.

ஒரு சந்தேகம். திங்கள் 4×100இல் 11 பேருக்கும் ஸ்ட்ரோக் எண்ண நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.

தோள்பட்டை

இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள் சேர். ஒருவர் நீந்தும்போது மற்றவர் கரையில் நின்று எண்ணட்டும், வலது கை நுழைவதை மட்டும் எண்ணி இரண்டால் பெருக்கினால் ஒன்றுக்கு மேல் பிழை வராது. கரையில் நிற்கிறவர் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும்.